பொங்கலுக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து

(11.01.2026 ஞாயிறு மாலை திருப்பூரில் நடந்த வாக்குச்சாவடி முகவர்கள் கூட்டத்தில் நமது மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத நிர்வாகிகளும் தொண்டர்களும் படிப்பதற்காக முழுமையாக இங்கே தருகிறோம்.)



சால்வை வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேன். நன்றி. அந்த அரை மணி நேரம் மிச்சம். இன்னைக்கு நமக்கு அரை மணி நேரம்கறது பெரிய விஷயம்.

ஏன்னு கணக்குப் பாருங்க. இன்னைக்கு ஞாயிறு, தேதி 11. வர்ற வியாழன் பொங்கல். வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல். அதுக்கு அடுத்த நாள் ஞாயிறு, ஜனவரி 18. வரைவு வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கவும் திருத்தவும் மனு கொடுக்க அதுதான் கடைசி நாள். திருப்பூர்ல செவ்வாய், புதன் வந்துட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனஸை வாங்கிக்கிட்டு தேனிக்கும் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறிடுவாங்க. லைன் வீடு எல்லாம் பூட்டிக் கிடக்கும். அவங்க திரும்பி வரும்போது தேதி 19, 20 ஆயிருக்கும். அதாவது ஒரு வாரம் இருக்குன்னு காலண்டர் சொல்லுது. நம்ம கையில இருக்கறது இன்னைக்கு ராத்திரி, நாளைக்கு, நாளான்னைக்கு. அவ்வளவுதான்.

டிசம்பர் 19-ந்தேதி வரைவுப் பட்டியல் வந்தப்போ தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேர் அதுல இல்லை. 6 கோடியே 41 லட்சமா இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சம் ஆயிடுச்சு. சென்னையில மட்டும் 14 லட்சம். நம்ம திருப்பூர் மாவட்டத்துல அஞ்சரை லட்சத்துக்கும் மேல. தீவிரத் திருத்தம் சரியா தப்பா, இவ்வளவு அவசரம் தேவையா, அதைப் பத்தி வழக்கு உச்ச நீதிமன்றத்துல நடக்குது. கட்சித் தலைமை சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அதைப் பேசி கைதட்டு வாங்க நான் இன்னைக்கு வரலை. தீர்ப்பு வர்றப்போ வரட்டும். தேதி 18 அதுக்காகக் காத்திருக்காது.

97 லட்சம்னு சொன்னதும் அத்தனையும் அநியாயம்னு கத்துறது சுலபம். அப்படி இல்லைங்க. அதுல சுமார் 27 லட்சம் பேர் இறந்தவங்க. பத்து வருஷம் முன்னாடி செத்துப்போன தாத்தா பேர் பட்டியல்ல இருந்தா அந்தப் பேர்ல வேற எவனாவது ஓட்டுப் போடத்தான் வழி. போகட்டும், நல்லது. 3 லட்சத்துக்கு மேல இரட்டைப் பதிவு. அதுவும் போக வேண்டியதுதான். மீதி 66 லட்சம் இருக்கே, அதுதான் நம்ம வேலை. “இடம் மாறியவர், கண்டறிய இயலாதவர்”. இந்த ரெண்டு வார்த்தைக்குள்ள யார் இருக்காங்க?

போன வாரம் ஒரு பாகத்துல நம்ம முகவரோட வீடு வீடாப் போனேன். பன்னிரண்டு கதவு உள்ள லைன் வீடு. ஒரே குழாய். பன்னிரண்டு வீட்டுல ஏழு வீட்டுக்காரங்க பேர் பட்டியல்ல இல்லை. ஏன்னு கேட்டா, நவம்பர்ல பி.எல்.ஓ. வந்தப்போ வீடு பூட்டியிருந்தது. காலையில எட்டரைக்கு ஷிப்டுக்குப் போறவங்க, ராத்திரி எட்டரைக்கு வர்றாங்க. ஏற்றுமதி ஆர்டர் அவசரம்னா ஒன்றரை ஷிப்ட். பகல்ல மூணு தடவை வந்தாலும் முப்பது தடவை வந்தாலும் அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கும். அப்போ அந்த மனுஷன் கண்டறிய இயலாதவர் ஆயிட்டார். அவர் எங்கேயும் போகலை. நூறு அடி தள்ளி ஓவர்லாக் மிஷின்ல உக்காந்து தைச்சுக்கிட்டு இருந்தார்.

இதுக்காக யாரும் பி.எல்.ஓ.கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அவங்கள்ல நிறையப் பேர் அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியர்கள், மாநகராட்சி ஊழியர்கள். அவங்க சம்பள வேலை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நம்ம ஆளு ஒருத்தர் ஒரு அம்மாவை நடுத்தெருவுல நிறுத்தி வீடியோ எடுத்துப் போட்டிருக்கார். எனக்குப் பிடிக்கலை. அதை அன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டேன். அவங்க நமக்கு எதிரி இல்லை. அவங்க கையில இருக்கற அந்த நீக்கப்பட்டோர் பட்டியல், வாக்குச்சாவடியில ஒட்டியிருக்கு, நம்ம முகவர்கள் கையிலயும் இருக்கு. அதுதான் இன்னைக்கு நம்ம வேதம்.

இப்போ வேலைக்கு வர்றேன். நிறைய முகவர்கள் இங்கதான் குழம்புறீங்க. படிவம் 6-ஆ, 8-ஆ?

ஒருத்தர் பேர் வரைவுப் பட்டியல்ல எங்கேயாவது இருக்குதா? அவிநாசியில இருக்கு, இப்போ குடியிருக்கறது திருப்பூர் வடக்குல, இல்லை அதே தொகுதிக்குள்ள தெரு மாறிட்டார்னா படிவம் 8. பேர்ல எழுத்துப்பிழை, வயசு தப்பு, படம் மாறிப்போச்சு, அட்டை தொலைஞ்சுபோச்சு, எல்லாத்துக்கும் 8-தான். பேர் எங்கேயும் இல்லை, நீக்கிட்டாங்கன்னா 8 கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. பட்டியல்ல இல்லாத பேரை எப்படித் திருத்துவாங்க? அவங்களுக்குப் படிவம் 6, கூடவே உறுதிமொழிப் படிவம். “இருபது வருஷமா ஓட்டுப் போடறேன், நான் புது வாக்காளரா?”ன்னு கோபப்படுவாங்க. நியாயமான கோபம். சமாதானம் சொல்லி 6-ஐ நிரப்ப வைங்க. முதல் தடவை ஓட்டுப் போடற பசங்களுக்கும் 6-தான். 2008 ஜனவரி 1-ந்தேதியோ அதுக்கு முன்னாடியோ பிறந்திருந்தா தகுதி வந்தாச்சு. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள்லயே சிலர் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

அந்த உறுதிமொழிப் படிவத்துலதான் பழைய பட்டியல் விவரம் கேட்கறாங்க. நம்ம மாநிலத்துல 2002-லயும், சில தொகுதிகள்ல 2005-லயும் நடந்த திருத்தத்துப் பட்டியல். அதுல தன் பேரோ, அப்பா அம்மா பேரோ இருந்தா பாகம் எண், வரிசை எண் எழுதணும். இதுல ரொம்பச் சிரமப்படறது யார் தெரியுமா? கல்யாணமாகி வந்த பொண்ணுங்க. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, ஒட்டன்சத்திரத்துக்குக் கட்டிக் கொடுத்து, பிழைப்புக்குத் திருப்பூர் வந்த ஒரு தங்கச்சிக்கு 2002-ல அவங்க அப்பா எந்தப் பாகத்துல இருந்தார்னு எப்படித் தெரியும்? மகளிர் அணிக்கு இதுதான் என் வேண்டுகோள். அந்தத் தங்கச்சியோட ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் வாங்கி, நீங்களே இணையதளத்துல பழைய பட்டியலைத் தேடிக் கொடுங்க. ஒரு பேருக்கு இருபது நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

இது இன்னைக்கு நேத்து வந்த சிக்கல் இல்லை. நாடு சுதந்திரம் வாங்கி முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-க்கு, பட்டியல் எடுத்தாங்க. அப்போ சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். வட மாநிலங்கள்ல பல இடத்துல பொம்பளைங்க தன் பேரைச் சொல்லலை. இன்னார் சம்சாரம், இன்னார் மகள்னு மட்டும் சொன்னாங்க. சொந்தப் பேர் இல்லாம பதிய முடியாதுன்னு சுமார் 28 லட்சம் பெண்கள் பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அந்தத் தேர்தல்ல அவங்க யாரும் ஓட்டுப் போடலை. நம்ம ஊர் கதை வேற. 1921-லயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த முதல் மாகாணம் சென்னை மாகாணம். அதுலயும் சொத்து இருக்கணும்னு நிபந்தனை போட்டிருந்தாங்க, எல்லாருக்கும் இல்லை. வயசு வந்த எல்லாருக்கும்னு வந்தது அரசியல் சட்டத்துக்கு அப்புறம்தான். அந்த வயசும் 21-ஆ இருந்து 18 ஆனது 1989-லதான். இவ்வளவு தூரம் வந்தது ஒரு பூட்டின கதவுல நின்னுபோகக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

முகவரிச் சான்று. லைன் வீட்டுக்காரங்ககிட்ட வாடகை ஒப்பந்தம் இருக்காது, கரண்ட் பில் ஓனர் பேர்ல இருக்கும். ஆதார் ஊர் முகவரியில இருக்கும். அதனால விண்ணப்பமே போட முடியாதுன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருக்காங்க. அப்படி இல்லை. கேஸ் ரசீது, பேங்க் பாஸ்புக் இருந்தா கொடுக்கலாம். ஒண்ணுமே இல்லைன்னாலும் நேரடி விசாரணை பண்ணித்தான் முடிவு எடுக்கணும், படிவத்துலயே அப்படித்தான் இருக்கு. விசாரணைக்கு வர்றப்போ ஆள் வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் முகவர் போன் நம்பர் அந்த வீட்டுல இருக்கணும், அவங்க நம்பர் முகவர்கிட்ட இருக்கணும்.

சில வீட்டு ஓனருங்க “என் வீட்டு முகவரியில பேர் சேர்க்காதே”ன்னு சொல்றாங்களாம். பயம். வீட்டை எழுதி வாங்கிடுவானோன்னு. நம்ம வட்டச் செயலாளர்கள் போய்ப் பேசுங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கறதால யாருக்கும் வீடு சொந்தமாகாதுன்னு பொறுமையாச் சொல்லுங்க. ஊர்ப் பெரியவங்க, நம்மளை மதிக்கறவங்க, சொன்னாக் கேப்பாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. பேர் வரைவுப் பட்டியல்ல இருக்கு, ஆனா பழைய பட்டியலோட இணையலை. இவங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸைப் பார்த்ததும் கோர்ட் சம்மன் மாதிரி பயந்து, கிழிச்சுப் போட்டவங்களும் இருக்காங்க. விசாரணைக்குப் போகலைன்னா பிப்ரவரி 17-ந்தேதி வர்ற இறுதிப் பட்டியல்ல பேர் இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பத்தாவது மார்க் ஷீட், சாதிச் சான்று, ஓய்வூதிய உத்தரவு, வீட்டுமனை ஒதுக்கீட்டு ஆணை, இதுல ஒண்ணு இருந்தாப் போதும். நம்ம ஊர்ல சாதிச் சான்று இல்லாத வீடு கம்மி. டிரங்குப் பெட்டியில பிள்ளைங்க ஸ்கூல் பேப்பரோட பேப்பரா கிடக்கும், தேடச் சொல்லுங்க. விசாரணை அன்னைக்கு அலுவலக வாசல் வரைக்குமாவது கூடப் போங்க. படிக்காத மனுஷன் தாசில்தார் ஆபீஸ்ல தனியா நிக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

பேர் சேர்க்க முடியாதுன்னு உத்தரவு வந்தாலும் கதை முடியலை. பதினைஞ்சு நாளைக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு. அங்கேயும் இல்லைன்னா முப்பது நாளைக்குள்ள மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட. நம்ம வழக்கறிஞர் அணி இதுக்குக் காசு வாங்காது. வாங்கினா எனக்குச் சொல்லுங்க.

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வர்றேன்.

அந்த லைன் வீட்டுல ஏழு வீடுன்னு சொன்னேன் இல்லையா. அஞ்சு வீட்டுக்கு நம்ம முகவர் படிவம் எழுதிட்டார். ரெண்டு வீட்டைத் தாண்டிப் போனார். ஏன் தம்பின்னு கேட்டேன். “அண்ணா, அந்த ரெண்டும் நமக்கு விழாதுங்க”ன்னார்.

அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. நாளைக்குப் பத்துப் படிவம்தான் ஒரு முகவர் கொடுக்க முடியும், அந்தப் பத்தை ஏன் அடுத்தவனுக்குச் செலவு பண்ணணும்னு அவருக்கு ஒரு கணக்கு. இங்க உக்காந்திருக்கற பல பேர் மனசுலயும் அந்தக் கணக்கு ஓடுது. ஓடலைன்னு சொல்லாதீங்க. நான் முப்பது வருஷமா கட்சி வேலை பார்க்கறேன், எனக்கும் ஓடும்.

ஆனா நான் சொல்றது கட்சியோட முடிவு. அந்த ரெண்டு வீட்டுக்கும் எழுதுங்க. கொடி யார் கொடின்னு பார்க்காதீங்க. பத்துப் படிவம்கறது முகவர் கையால கொடுக்கறதுக்குத்தான் வரம்பு. அவங்களே நேர்ல கொடுக்கவோ இணையத்துல போடவோ எந்த வரம்பும் இல்லை. பத்து முடிஞ்சா பதினோராவது ஆளைக் கையைப் பிடிச்சு பி.எல்.ஓ.கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் வந்து நமக்குப் போடுவாரா? தெரியாது. ஆனா நாம அவர் வீட்டைத் தாண்டிப் போனது அந்த லைன் முழுக்கத் தெரியும். பன்னிரண்டு கதவும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தது. அதைவிட முக்கியம், நாளைக்கு வேற கட்சிக்காரன் முகவரா இருக்கற பாகத்துல நம்ம குடும்பத்தைத் தாண்டிப் போனா, நாம எந்த வாயால கேட்போம்?

இதே ஊசிக்கு இன்னொரு முனை இருக்கு. படிவம் 7. ஆட்சேபணைப் படிவம். இறந்தவங்க, உண்மையாவே வீடு மாறிப்போனவங்க பேரை எடுக்கறதுக்கு இருக்கறது. “அந்தத் தெரு நமக்கு ஆகாது, நூறு 7 போட்டுவிடு”ன்னு யாராவது யோசனை சொன்னா, அது யாரா இருந்தாலும், நானா இருந்தாலும், கேட்காதீங்க. பொய்யான உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறைன்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுது. கையெழுத்துப் போட்ட முகவர்தான் மாட்டுவார். சொன்னவன் மேடையில உக்காந்திருப்பான்.

அதே மாதிரி ரெண்டு ஊர்லயும் பேர் வச்சுக்கறதும் குற்றம்தான். தொழிலாளிகிட்ட நேரடியாப் பேசுங்க. “அண்ணா, உங்களுக்கு ஓட்டு இங்கேயா, ஊர்லயா?” அவர் முடிவு. வருஷத்துல பதினோரு மாசம் இங்க இருக்கார், பிள்ளைங்க இங்க படிக்குது, தண்ணி வரலைன்னா இந்த ஊர் கவுன்சிலரைத்தான் தேடறார்னா, ஓட்டு இங்க இருக்கறதுதான் முறைன்னு எடுத்துச் சொல்லலாம். ஊர்ல குலசாமி இருக்கு, அப்பா அம்மா இருக்காங்க, ஓட்டு அங்கதான்னு சொன்னா விட்டுடுங்க. ஊர் முகவர் நம்பரை வாங்கிக் கொடுத்து, பொங்கலுக்குப் போனதும் அங்க பேர் இருக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. நம்ம தொகுதி எண்ணிக்கைக்காகப் பிடிச்சு இழுக்க வேண்டாம். போன் பண்ணி யாராவது ஓ.டி.பி. கேட்டா சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டு வாங்க. இந்த நேரத்துல திருட்டுப் பசங்களும் கிளம்பியிருக்காங்க.

“ஒரு ஓட்டுல என்னங்க ஆயிடும்”னு கேக்கறவங்களுக்குச் சொல்ல உங்களுக்குச் சில எண் தர்றேன். 2021-ல சென்னை தியாகராய நகர்ல வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அந்தத் தொகுதியில இருந்த வாக்குச்சாவடிகளே அதைவிட அதிகம். பாகத்துக்கு ஒரு ஓட்டுகூட இல்லை! அதே தேர்தல்ல தென்காசி 370. நம்ம பக்கத்து மொடக்குறிச்சி 281. நம்ம மாவட்டத்துலயே தாராபுரம் 1,393. அதுக்கு முந்தின 2016-ல ராதாபுரம் 49 ஓட்டு, வருஷக் கணக்கா வழக்கு நடந்தது. 2008-ல ராஜஸ்தான்ல நாத்துவாராங்கற தொகுதியில சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டுல தோத்தார். அவர் அப்போ அவங்க கட்சியோட மாநிலத் தலைவர். ஜெயிச்சவர் எந்தக் கட்சி, தோத்தவர் எந்தக் கட்சின்னு நான் சொல்லலை, இதுல எல்லாக் கட்சியும் ஜெயிச்சிருக்கு, எல்லாக் கட்சியும் அழுதிருக்கு.

மொடக்குறிச்சின்னதும் ஞாபகம் வருது. 1996-ல விவசாயிகள் கோபத்துல 1,033 பேர் அங்க வேட்பாளரா நின்னாங்க. வாக்குச்சீட்டே புத்தகம் மாதிரி ஆயிடுச்சு. பெரியவங்க சிரிக்கறாங்க பாருங்க, பார்த்திருக்காங்க. கொங்கு மண்ணுக்காரனுக்கு ஓட்டை வச்சு கோபத்தைக் காட்டத் தெரியும்னு சொல்றேன்.

2021-ல மாநிலம் முழுக்க நூத்துக்கு 72 பேருக்கு மேல ஓட்டுப் போட்டாங்க. சென்னை மாவட்டம் 60-ஐத் தொடலை. நகரத்துக்காரங்களுக்கு அக்கறை இல்லைன்னு டி.வி.யில எல்லாரும் திட்டினாங்க. எனக்கு அதுல பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதி பட்டியல் குளறுபடி. வீடு மாறிப் போனவன் பேர் பழைய தெருவுல தொங்கிக்கிட்டு இருந்தா சதவிகிதம் எப்படி ஏறும்?

வாக்குப்பதிவு நாளைப் பத்தித் தனியாப் பயிற்சி வைக்கறோம். ஆனாலும் வீடு வீடாப் போறப்போ மக்கள் கேப்பாங்க, அதனால சிலதை மட்டும் சொல்றேன்.

ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்தான்னு வரம்பு வந்ததால பல பாகங்களைப் பிரிச்சிருக்காங்க. பாகம் எண் மாறியிருக்கும், பள்ளிக்கூடமே மாறியிருக்கலாம். “நாங்க எப்பவும் போடற இடம்”னு நம்பிப் போய் வெயில்ல நின்னு திரும்பக் கூடாது. முன்னாடியே பார்த்து வைக்கணும். 1950-க்குப் போன் பண்ணினாலும் சொல்வாங்க.

பூத் சிலிப் அடையாளச் சான்று இல்லை. வாக்காளர் அட்டை வேணும், இல்லைன்னா ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், படம் ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை மாதிரி ஏதாவது ஒண்ணு. நம்ம ஜனங்க ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டு வருவாங்க. அது செல்லாது. இதை மறக்காமச் சொல்லுங்க, போன தடவை எத்தனை பாட்டிகளைத் திருப்பி அனுப்பினாங்கன்னு உங்களுக்கே தெரியும். அட்டை கையில இருக்கு, ஆனா பட்டியல்ல பேர் இல்லைன்னா ஓட்டு கிடையாது. இதைப் பல பேர் இன்னும் நம்ப மாட்டேங்கறாங்க.

எண்பத்தஞ்சு வயசு தாண்டினவங்க, நாற்பது சதவிகிதத்துக்கு மேல ஊனம் உள்ளவங்க வீட்டுல இருந்தே தபால் ஓட்டுப் போடலாம். படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த அஞ்சு நாளைக்குள்ள கொடுத்துடணும். இப்பவே உங்க பாகத்துல யார் யார்னு எழுதி வைங்க. நேர்ல வந்து போடத்தான் ஆசைன்னு சொல்ற தாத்தாக்களும் உண்டு. அவங்களை வற்புறுத்தாதீங்க, ஒரு ஆட்டோ ஏற்பாடு பண்ணிடலாம்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா ஓட்டர்களைக் கட்சி வண்டியில ஏத்திக்கிட்டுப் போறது சட்டப்படி தப்பு. குடும்பத்துல யாராவது கூட்டிக்கிட்டு வரணும், உள்ளே சக்கர நாற்காலி இருக்கும்.

கம்பெனி லீவு. வாக்குப்பதிவு அன்னைக்குச் சம்பளத்தோட விடுமுறை கொடுக்கணும்னு சட்டத்துல 135பி பிரிவு இருக்கு. தினக்கூலிக்கும் உண்டு. போன தேர்தல்ல ஒரு கம்பெனியில “ஷிப்ட் முடிச்சுட்டுப் போங்க”ன்னு கேட்டைச் சாத்தினாங்க. பேர் வேண்டாம். பெரும்பாலான முதலாளிங்க நல்லவங்க, முன்கூட்டியே கேட்டாக் கொடுத்துடுவாங்க. தொழிற்சங்க நண்பர்கள் மார்ச் மாசத்துலயே பேச ஆரம்பிங்க. தாமதமா வந்தவங்களும் கவலைப்பட வேண்டாம். நேரம் முடியறப்போ வரிசையில நின்னுட்டா, கடைசி ஆள்ல இருந்து சீட்டுக் கொடுத்துட்டு வருவாங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் போடலாம்.

உங்க ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்கன்னா? ஒரு சினிமா வந்த பிறகு 49பி எல்லாருக்கும் தெரியுது. சந்தோஷம். ஆனா முழுசாத் தெரிஞ்சுக்கணும். அங்க தர்றது காகிதச் சீட்டு. அதை உறையில போட்டுத் தனியா வச்சுடுவாங்க. ஓட்டு எண்ணற அன்னைக்கு அதை எண்ண மாட்டாங்க. வழக்குன்னு வந்து கோர்ட் கேட்டாத்தான் அதுக்கு மதிப்பு. அதனால 49பி-யை நம்பி மத்தியானம் தூங்கிட்டு வராதீங்க. காலையிலேயே போடுங்க. கள்ள ஓட்டைத் தடுக்கறது உள்ளே உக்காந்திருக்கற முகவர். அந்தத் தெருக்காரரா இருக்கணும், முகம் தெரியணும். சந்தேகம் வந்தா ரெண்டு ரூபாய் கட்டி ஆட்சேபணை சொல்லலாம். சில்லறையாப் பையில வச்சுக்குங்க.

பணம். இதையும் பேசாமப் போனா நான் நேர்மையில்லாதவன். 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல ஆர்.கே. நகர். 2019-ல வேலூர். பணப் பட்டுவாடான்னு சொல்லித் தேர்தலையே நிறுத்தினாங்க. நாடு முழுக்க நம்ம மாநிலத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. இந்த மாவட்டத்துல நம்ம கட்சிப் பேரைச் சொல்லி எவனாவது கவரை நீட்டினா, அவன் நம்ம ஆளா இருந்தாலும், கொடுத்தவன், வாங்கினவன் ரெண்டு பேர் மேலயும் வழக்கு வரும்னு தெரிஞ்சுக்குங்க. கட்சி ஜாமீன் எடுக்காது.

சரி. இப்போ என்ன பண்ணப் போறோம்? வாசல்ல ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கவர் வச்சிருக்கோம். அதுல நீக்கப்பட்டோர் பட்டியல், இருபது படிவம் 6, பத்து படிவம் 8, உறுதிமொழிப் படிவம், ரெண்டு பேனா. இன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு மேலதான் ஆள் வீட்டுக்கு வருவாங்க, அப்போ போங்க. பத்தரைக்கு மேல கதவைத் தட்டாதீங்க, காலையில வேலைக்குப் போறவங்க. நாளைக்குச் சாயங்காலம் டீ நேரத்துல கம்பெனி கேட் பக்கம் நில்லுங்க. பஸ் ஸ்டாண்டுலயும் செவ்வாய், புதன் ரெண்டு நாளும் இளைஞர் அணி மேசை போடுது. பேனர் வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு மேசை, படிவம், படம் எடுக்க ஒரு ஆள், அவ்வளவு போதும். ஊருக்குப் போற அவசரத்துல இருக்கறவங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சு அனுப்பணும். நிரப்பின படிவத்தைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்துடாதீங்க, அன்னன்னைக்கே பி.எல்.ஓ.கிட்ட கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதைப் போட்டோ எடுத்து அவங்களுக்கே அனுப்பிடுங்க.

எத்தனை படிவம் கொடுத்தோம்னு புதன் ராத்திரி வட்டச் செயலாளர்கள் எனக்குச் சொல்லணும். அதுல எத்தனை நம்ம ஓட்டுன்னு கேட்க மாட்டேன். அந்தக் கட்டத்தையே படிவத்துல இருந்து எடுத்தாச்சு.

சாப்பாடு தயாரா இருக்கு. தக்காளி சாதமும் தயிர் சாதமும்தான், கோவிச்சுக்காதீங்க. மணி ஏழாகுது. சாப்பிட்டுட்டுக் கவரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, எட்டரைக்கு லைன் வீட்டு வாசல்ல இருக்கணும்.